பதினோராம் பிரிவும் கிரேசியின் நிச்சயதார்த்தமும்

தூத்துக்குடி,
9–6–1978

கர்த்தருக்குள் மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் ஞானதீபம் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ஏசுவடியான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை ஜீவமணியும் மகள் கிரேசியும் தேவ ஒத்தாசையால் உயிரோடும், ஓரளவு புத்தித் தெளிவோடும் இருக்கிறோம். டெல்லி வெயில் எப்படி, அக்காளுக்கு மூட்டுவலி தேவலையா என்பதற்குத் தாங்கள் பதில் எழுதவும்.

தாங்கள் அன்போடு எழுதிய கடிதம் கிடைத்தது. கதிரியக்கப் பொருள்கள் நாசவேலைக்காரர் கையில் சிக்காமல் காப்பதற்குத் தங்கள் இலாகாவில் புதுச் சட்டம் ஒன்று தயாராகிறது, அதனால் தாய்மாமனாகிய தாங்கள் கிரேசியின் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியவில்லை, அதற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சட்டத்தில் பதினோராம் பிரிவைத் தாங்களே கைப்பட எழுதியதாகவும், மேலதிகாரி அதை வாசித்துவிட்டுத் தோளில் தட்டியதாகவும் கண்டிருந்தது. கடைசி வரியில், நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம்தான். தாங்கள் வராத குறையைத் தங்கள் பதினோராம் பிரிவு நேரில் வந்து தீர்த்துவைத்தது.

மாப்பிள்ளை எஸ்றாவைத் தாங்கள் பார்த்ததில்லை. சாத்தான்குளம் பொன்னுதுரை வாத்தியாருடைய இரண்டாவது மகன், பம்பாய்க் கம்பெனி ஒன்றில் வேலை. புதுத் துறைமுகத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்கிறார்களே, அதில் குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் பற்றவைப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுக்கிறார்கள், இவர் இரும்பை எடுக்கிறார். அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு உலோகத் துண்டு, அதிலிருந்து கதிர் தன்னால் வந்துகொண்டே இருக்குமாம். சுற்றிலும் கனமாகக் கவசம் இருப்பதால் பெட்டி மூடியிருக்கிறவரை பயமில்லை. திறந்து பக்கத்தில் போனால் உடம்பைப் பொசுக்கிவிடும், பொசுக்கினதும் அன்றைக்குத் தெரியாது, பிறகுதான் தெரியும் என்று அவரே எனக்கு விளக்கினார். அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் கேமரா. இந்த ஒரு பெயரால் நாங்கள் பட்ட பாட்டைக் கீழே காண்க.

சட்டம் பாராளுமன்றத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, அதன்படி இப்போதிருந்தே நடக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை வந்துவிட்டது. அதை மாப்பிள்ளை சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறார், எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. "கதிரியக்கப் பொருளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர், அங்கீகரிக்கப்பட்ட காப்பறையில் அதனை வைத்துப் பூட்டும் வரையில், எக்காரணத்தை முன்னிட்டும் அதனைத் தமது நேர்ப்பார்வையிலிருந்து விலகவிடலாகாது." இது தங்கள் பதினோராம் பிரிவின் தமிழாக்கம்தான்; நல்ல தமிழ், அத்தான். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காப்பறைக்கு வேண்டிய இரும்புக் கதவைக் கம்பெனி இன்றுவரை அனுப்பவில்லை. துறைமுக யார்டில் ஒரு தகரக் கொட்டகையில் பெட்டியை வைத்துக்கொண்டு, எஸ்றாவும் கூட வேலை பார்க்கிற இன்னொருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயதார்த்த வாரத்தில் அந்த இன்னொருவருக்கு அம்மை போட்டுவிட்டது. எஸ்றா என்ன செய்வார்? கேமராவையும் கூடக் கொண்டு வருவேன், அதற்குச் சம்மதமா என்று தகப்பனார் மூலம் கேட்டனுப்பினார்.

தங்கள் தங்கை பூரித்துப்போனாள். மாப்பிள்ளைக்குக் கிரேசி பேரில் எவ்வளவு ஆசை இருந்தால் கேமராவோடு வருவார் என்று சொல்லி, நான் பேசி வைத்திருந்த போட்டோக்காரரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நாசரேத்திலிருந்து என் அக்கா பட்டுச்சேலையும் பவுடருமாக வந்து இறங்கினாள். சாத்தான்குளத்து வேன் முதலில் வந்தது. அதற்கு வெகு தூரம் பின்னால் ஒரு ஜீப்பில் மாப்பிள்ளையும் டிரைவரும் மட்டும் வந்தார்கள். பிறகு இரண்டு பேரும் நடுவிலே கம்பைக் கொடுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து மூன்று இதழ் விசிறிப் படம் போட்ட ஒரு இரும்புப் பெட்டியை மூச்சு வாங்க இறக்கினார்கள். அக்கா உடனே முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு அதற்கு எதிரே போய் நின்றாள். மாப்பிள்ளை பணிவாக, "அத்தை, கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க" என்றார். நின்றாள். இன்னும் கொஞ்சம் என்றார். இப்படியே போய் அவள் கிணற்றுச் சுவரில் முதுகு முட்டி நின்று, வெகுநேரம் சிரித்த முகமாகவே இருந்தாள்.

பெட்டியைப் பின்வாசலில் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்கு உள்ளே யாரும் வரக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். கூடத்தில் அவருக்குப் போட்ட நாற்காலியைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து எதிரே நிறுத்தினால், எல்லாரும் பெண்ணைப் பார்க்கிறார்கள், இவர் எலுமிச்சைச் செடியைப் பார்க்கிறார். சட்டையில் குத்தியிருந்த சின்னச் சதுர பேட்ஜைக் காட்டி, எந்தக் கட்சி என்று யாரோ என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். அது கதிர் பட்டால் காட்டிக்கொடுக்கிற பேட்ஜாம், எனக்கு அப்போது எங்கே தெரியும், எல்லாக் கட்சியிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் குருவானவர் ஜெபம். அவர் ஜெபத்தின் நீளம் தங்களுக்குத் தெரியும். ஆமென் சொல்லி வாய் மூடும் முன்னால் என் அக்கா, மாப்பிள்ளை ஜெபத்தில் கண்ணை மூடவே இல்லை என்று போட்டு உடைத்துவிட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பொன்னுதுரை வாத்தியார் முகம் கறுத்துப்போனார், இருபது வருஷமாகச் சபை மூப்பராக இருக்கிறவர். எஸ்றா எழுந்து நின்று, முகத்தைத் திருப்பாமலே, சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். குருவானவர் வாசித்துவிட்டு, ஆண்டவர் சமுகத்தில் ஒரு ஜெப நேரத்துக்குக்கூட விதிவிலக்கு கிடையாதா தம்பி என்று கேட்டார். "எக்காரணத்தை முன்னிட்டும்னு போட்டிருக்கு, ஐயா" என்றார் மாப்பிள்ளை. அந்தச் சொற்கள் நம்ம வீட்டுத் தாய்மாமன் எழுதியவை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சபையின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

இதில் என்ன ஆயிற்றென்றால், சுற்றறிக்கையைக் குருவானவர் சத்தமாக வாசித்தபடியால், பெட்டிக்குள்ளே இருப்பது என்னவென்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோச்சு. பாதி இலையில் எழுந்திரிச்சவங்க எத்தனையோ பேர். பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கம் நல்ல மனுஷன், ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டதுல அவர் காதுல விழுந்தது கதிர், நாசவேலை என்கிற ரெண்டு வார்த்தைதான். ஏசுவடியான் வீட்டுல வெடிகுண்டு இறக்கியிருக்கு என்று சைக்கிளை மிதித்துப் போய் ஸ்டேஷனில் சொல்லிட்டார். பாயசம் ஊத்துற நேரத்துக்கு சப்-இன்ஸ்பெக்டர் வாரார். சுற்றறிக்கையை ரெண்டு தடவை படிச்சார், படிச்சுட்டுப் பெட்டியை விட்டு நாலு எட்டுத் தள்ளி நின்னுக்கிட்டு, ஸ்டேஷனுக்குத் தூக்குங்க என்று கான்ஸ்டபிள்களைப் பார்த்துச் சொல்லுதார். ஒருத்தர், பெஞ்சாதி மாசமா இருக்கா என்கிறார். இன்னொருத்தர், எனக்கு இனிமேத்தான் கல்யாணம் ஆகணும் என்கிறார். பொறுப்பாளர் கூடவே வரணும், பெட்டியும் பார்வையிலேயே இருக்கணும், அப்படியானா ஸ்டேஷன்ல எந்த மேஜைக்குப் பக்கத்துல வைக்கிறது என்று யோசித்த இன்ஸ்பெக்டர், மேலிடத்து உத்தரவு வருகிறவரை பெட்டியும் மாப்பிள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். அவர் நாற்காலி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தெருமுக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, நிச்சயத்துக்குப் பிறகு கல்யாணம் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக்கூடாது என்று இருக்கிற வீட்டில், மாப்பிள்ளை கொல்லைப்புறத்தில் குடியேறினார். சங்கரலிங்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏரலில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். பால்காரர் தெருமுனையில் நின்று மணி அடிக்கிறார், நாங்கள்தான் செம்பைத் தூக்கிக்கொண்டு போகணும். மாப்பிள்ளை கால் பெருவிரலில் ஒரு சரடைக் கட்டி, மறு நுனியைப் பெட்டிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு, எட்டத்தில் பாயைப் போட்டுக் கோழித்தூக்கம் தூங்குவார். எலி சரட்டை இழுத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் எலி அதிகம் என்பது தங்களுக்கே தெரியும். தங்கள் தங்கை சோற்றை ஆக்கி, கயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வருவாள். கிரேசி ஓட மாட்டாள். அவள் வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிகிறவரை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் கொஞ்ச நேரமாவது தலையைக் குனிந்து சாப்பிடட்டும் என்று. இதை நான் கண்டிக்க நினைத்தேன். கண்டிக்கப் போனவன் அவள் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொன்னுதுரை வாத்தியார் சாத்தான்குளத்திலிருந்து வந்தார். ஊரில் தலைகாட்ட முடியவில்லையாம். என் மகன் பொட்டியக் கெட்டிக்கிட்டானா, பொண்ணக் கெட்டப் போறானா, எனக்கு ஒண்ணு தெரியணும் அண்ணாச்சி என்று என்னிடம் கேட்டார். கொஞ்ச நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்தி வைப்போம் என்றார். நிறுத்தி வைப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எனக்குத் தெரியாதா? நேரே கொல்லைக்குப் போய், மாப்பிள்ளை, இந்த வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்திருங்க, எங்க முதலாளிட்டச் சொல்லி அவரோட சங்குக் கிட்டங்கியில உங்களுக்கு ஒரு இடம் பாத்துத் தாரேன் என்று கெஞ்சினேன். அவர் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் போயிருவேன் மாமா. பொட்டி போகாதுல்லா. எனக்குப் பொறகு வாரவன் கண்ணைத் தொறந்திருப்பானா மூடிக்கிடுவானான்னு எனக்குத் தெரியாது."

வாத்தியாரும் நானும் கூடத்தில் உட்கார்ந்து எப்படிப் பிரிகிறது என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், கிரேசி டியூட்டிக்குப் புறப்பட்டு வந்து நின்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவள், அளந்துதான் பேசுவாள். அன்றைக்கு அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"பம்பாய்க்கு இவருக்கு லைன் போட்டுக் குடுத்தது நான்தான்ப்பா, சம்பந்தம் வாரதுக்கு முன்னாலயே. மத்தவங்க எல்லாம் லீவு குடு, சம்பளத்தக் கூட்டுன்னு பேசுவாங்க. இவர் ஒருத்தர்தான் வாரா வாரம் கூப்பிட்டு, சார் கதவு அனுப்புங்க, சார் கதவு அனுப்புங்கன்னு கேட்டவர். கடைசி தடவை அழுதுட்டார். எனக்கு இவர் போதும்."

ஆபரேட்டர் ஒட்டுக்கேட்கலாமா என்று நான் கேட்பதற்குள் அவள் டியூட்டிக்குப் போய்விட்டாள். பொன்னுதுரை வாத்தியார், கொஞ்சம் காப்பி கிடைக்குமா அண்ணாச்சி என்றார். கல்யாணம் நிற்காது என்று எனக்கு அப்போது விளங்கிற்று.

எங்கள் முதலாளி செய்கு அப்துல் காதிர் காயல்பட்டணத்துக்காரர், தங்களுக்கு அறிமுகம்தான். ஏலத்தில் எடுத்த சங்கை எல்லாம் கல்கத்தாவுக்கு அனுப்புகிறவரை அடைத்து வைக்கிற கிட்டங்கிக்குத்தான் நான் மேனேஜர். முழங்கை நீளத்துக்கு அகலமான சுவர், ரெட்டைப் பூட்டு, ஜன்னல் கிடையாது. போதாக்குறைக்குச் சங்குக்குள்ளே காய்ந்த சதை நாறுகிற நாற்றத்துக்குத் திருடன் வாசல்வரை வந்தாலும் திரும்பிப் போய்விடுவான். விஷயத்தைத் தயங்கித் தயங்கி முதலாளியிடம் சொன்னேன். சங்குக்கு ஏதும் ஆகுமா என்று ஒன்றுதான் கேட்டார். ஆகாது என்றேன்.

"அப்ப கொண்டாங்க. நம்பி ஒப்படைச்ச பொருளு அமானிதம். அது சங்கா இருந்தா என்ன, சனியனா இருந்தா என்ன?"

போலீஸும் தொல்லை விட்டது என்று சம்மதித்துவிட்டது. கான்ஸ்டபிள் முன்னால் சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டு போக, பின்னால் ஜீப்பில் பெட்டியும் மாப்பிள்ளையும் போக, திரேஸ்புரம் வழியாக ஊர்வலம் போல் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கரையில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, ஏதோ பெரிய அதிகாரி வாராராக்கும் என்று வழிவிட்டு நின்றார்கள். பெட்டியை உள்ளே வைத்து, ரெட்டைப் பூட்டை நான் கையில் எடுத்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். இந்தக் கிட்டங்கி அங்கீகரிக்கப்பட்ட காப்பறை இல்லையே மாமா என்றார்.

டெல்லிக்கு எழுதிக் கேட்டோம். தங்கள் இலாகாவிலிருந்து பதில் வந்தது. சட்டம் நிறைவேறிய பிறகு விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். அதுவரை பூட்டினால் நேர்ப்பார்வை போய்விடும், நேர்ப்பார்வை வேண்டுமானால் பூட்டக்கூடாது. ஆகவே இந்தத் தூத்துக்குடிப் பட்டணத்திலேயே கெட்டியான கதவைத் தொறந்து போட்டுக்கிட்டு, வாசல்ல உக்காந்து மாப்பிள்ளை பெட்டியைக் காக்கிறார். கதவு தொறந்து கிடக்கிறதுனால சங்கு போயிரக்கூடாதே என்று, நான் இந்தப் பக்கம் உக்காந்து சங்கைக் காக்கிறேன். இப்போது ஊர்க்காரர்கள் என்னையும் அவரையும் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்த அம்மை போட்டவர் தேறி வந்து, இந்த நாற்றத்தில் உட்காருவதற்கு அம்மையே மேல் என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் கல்யாணம். கோவில் எங்கே, கிட்டங்கி எங்கே? பெட்டியைக் கோவிலுக்குள் கொண்டுவரக்கூடாது என்று குருவானவர் சொல்லிவிட்டார், அது நியாயம். பெட்டியை விட்டு வரமாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்லுதார், அதுவும் நியாயம்தான். நடுவில் தங்கள் தங்கை அழுகிறாள், அதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? ஆகையால் அத்தான், தாங்கள் ஒரு பேனாவை எடுத்து அந்தப் பதினோராம் பிரிவை முழுக்க அடித்துவிட வேண்டும். முடியாதென்றால் எக்காரணத்தை முன்னிட்டும் என்கிற அந்த ஒரு இடத்தையாவது எடுத்துவிடுங்கள். நாசவேலைக்காரன் என்று ஒருத்தனை இந்தக் கடற்கரையில் நாங்கள் கண்ணால் கண்டது கிடையாது. வராத ஒருத்தனுக்காக, வந்திருக்கிற மாப்பிள்ளையை வாசலிலேயே உட்காரவைக்கலாமா? நாட்டுக்குச் சட்டம் எழுதுகிற தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

தங்களுக்கும் அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும், தங்கள் பேனாவுக்குக் கொஞ்சம் இரக்கத்தையும் தந்தருளுவாராக. ஜீவமணி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், கோபத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஏ. ஏசுவடியான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் கிட்டங்கிக்குள் நுழைந்தேன், போடவில்லை. மத்தியானம் யார்டிலிருந்து ஜீப் டிரைவர் வந்திருந்தார். பழைய தகரக் கொட்டகையை யாரோ உடைத்து, அங்கே மிச்சம் கிடந்த ஈயத் தகடு, பூட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். ஆளைப் பிடித்தாயிற்று. வலைக்கு ஈயக்குண்டு உருக்கி விற்கிறவன். தகட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறான், மேலே அவன் பிள்ளைகள் படுத்துத் தூங்கியிருக்கின்றன. பாதி தகட்டை வீட்டு அடுப்பிலேயே உருக்கிவிட்டான். பெட்டி அங்கே இருந்திருந்தால் அதைத்தான் முதலில் தூக்கியிருப்பான், கனம் ஜாஸ்தி என்று. மாப்பிள்ளை டிரைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார், வெறும் ஈயம்தானே, வேறே எதுவும் அங்கே கிடக்கவில்லையே என்று. வெறும் ஈயம்தான், நல்லாத் தேடிப் பாத்தாச்சு என்றார் டிரைவர். கேட்டதும் மாப்பிள்ளை சங்குச் சாக்கின் மேல் சாய்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார். கால் விரலில் சரடுகூடக் கட்டவில்லை.

அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை, அத்தான். கிரேசி டியூட்டி முடிந்து வந்தாள். அவரை எழுப்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். ஏளா, நீ பொறுப்பாளர் இல்லையே என்றேன். முகத்தைத் திருப்பாமலே, "நீங்களும் ஒக்காருங்கப்பா" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். எனவே மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துகொள்கிறேன். பதினோராம் பிரிவில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் என்று வருகிற இடத்தில் மட்டும், அவரும் அவர் வீட்டாரும் என்று சேர்த்துக்கொண்டால் நல்லது. இதை எழுதக் குனிந்திருப்பதால் இவ்வளவு நேரமும் கிரேசி ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகையால் இத்துடன் நிறுத்துகிறேன்.